காரில் பூசிய மெழுகை எடுப்பது எப்படி?

பளபளப்புக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து!

இரவு மணி 8. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது.

காரை ஓட்டுகிறவர் வைப்பரைப் போடுகிறார். வைப்பர் "கிரீச், கிரீச்" என்று கத்துகிறது. ஆனால் கண்ணாடி தெளியவில்லை. பாலைத் தடவியதுபோல ஒரு வெண்படலம் கண்ணாடி முழுவதும் பரவுகிறது.

எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுச் சிதறுகிறது. சாலை தெரியவில்லை. ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நடந்து போகிறவரும் தெரியவில்லை!

அன்று காலையில்தான் அந்தக் கார் கழுவப்பட்டது. பாலிஷும் போடப்பட்டது. கண்ணாடியும் துடைக்கப்பட்டது. பின் ஏன் இந்தத் தொல்லை?

கண்ணாடியைத் துடைத்தது எந்தத் துணியால்? பாலிஷ் துடைத்த அதே துணியால்!

துணியில் இருந்த மெழுகு கண்ணாடிக்கு வந்துவிட்டது. வெயிலில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. மழை வந்ததும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

மழைக் காலத்தில் பல கார்களில் இப்படி நடப்பதுண்டு. காருக்கு மெழுகு போடுவது சுலபம். அதை மிச்சம் இல்லாமல் எடுப்பதுதான் வேலை. அந்த வேலை தெரியாததால் காசு நஷ்டமாவதும் உண்டு. உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு.

மெழுகு எதற்கு?

காரின் மேல் தெரிகிற பளபளப்பு ஒரே பூச்சு அல்ல. தகரத்தின் மேல் முதலில் துருப் பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு. இதைக் 'கிளியர் கோட்' என்கிறார்கள். இப்போது வருகிற பெரும்பாலான கார்களுக்கு இப்படித்தான் பூசப்படுகிறது.

இந்தக் கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பலருடைய தலைமுடிகூட இந்தப் பூச்சைவிடத் தடிமனானது!

வெயில், மழை, தூசி, காக்கை எச்சம் எல்லாவற்றையும் இந்த மெல்லிய பூச்சுதான் தாங்க வேண்டும். அதற்குத் துணையாக மேலே மெழுகு தடவுகிறார்கள். மெழுகின் மேல் தண்ணீர் ஒட்டாது. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிவிடும்.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த இலையின் மேலும் இயற்கையான மெழுகு உண்டு. காரில் மனிதன் செய்வதை, குளத்தில் தாமரை எப்போதோ செய்துவிட்டது!

பனையில் விளையும் மெழுகு

கார் மெழுகில் பேர் போனது 'கர்னோபா'. இது தேன்கூட்டிலிருந்து வருவது அல்ல. ஒரு பனை மரத்திலிருந்து வருவது.

தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் இந்தப் பனை வளர்கிறது. நம் ஊர்ப் பனையைப் போலவே இதற்கும் விசிறி ஓலை. அங்கே வெயில் கடுமை. ஓலையில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க, மரம் தன் ஓலைமேல் தானே மெழுகைப் பூசிக்கொள்கிறது!

ஓலையை வெட்டி வெயிலில் காயப் போடுகிறார்கள். காய்ந்ததும் அடித்தால் மெழுகு பொடிப் பொடியாக உதிர்கிறது. பொடியை உருக்கி வடிகட்டிக் கட்டியாக்குகிறார்கள். மரம் சாவதில்லை. புது ஓலை விடுகிறது.

தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். கர்னோபா உருக 82 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்கு இது ஏற்றது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த மெழுகுக்காக ஒருவர் விமானம் ஏறிய கதையும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் ரசீன் நகரில் தரை மெழுகு செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் தலைவர் எச்.எஃப். ஜான்சன். கர்னோபா தொடர்ந்து கிடைக்குமா என்று நேரில் பார்க்க, 1935-ம் ஆண்டு அவர் பிரேசிலுக்குப் பறந்தார். தண்ணீரிலும் இறங்கக் கூடிய விமானம் அது. அதற்கு அவர் வைத்த பெயரும் 'கர்னோபா'தான்!

1998-ல் அவருடைய மகன் சாம் ஜான்சன், அதே மாதிரி ஒரு விமானத்தைப் புதிதாகச் செய்யச் சொல்லி, தந்தை போன வழியிலேயே மீண்டும் பறந்தார்.

குழந்தைகள் தின்னும் சில மிட்டாய்களின் பளபளப்புக்கும் இதே மெழுகு சேர்க்கப்படுகிறது. அதற்காகக் கார் பாலிஷ் தின்கிற சாமான் ஆகிவிடாது! அதில் வேறு பல திராவகங்கள் கலந்திருக்கின்றன.

'சீலண்ட்' என்பது என்ன?

மெழுகுக்குப் போட்டியாக வந்தது 'சீலண்ட்'. இது மரத்தில் விளைவது இல்லை. தொழிற்சாலையில் ரசாயன முறையில் செய்யப்படுவது. பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் சேர்ந்திருக்கும்.

மெழுகு சில வாரங்களில் கரைந்துவிடும். சீலண்ட் சில மாதங்கள் வரை நிற்கும். நீண்ட நாள் நிற்பது நல்லதுதான். ஆனால் எடுக்க வேண்டிய நேரத்தில் அதுவே கஷ்டம்!

வெள்ளைத் திட்டு ஏன்?

தனிக் கர்னோபா கல் போல இருக்கும். அதைக் காரில் தேய்க்க முடியாது. ஆகவே எண்ணெய், ஆவியாகும் திராவகம் ஆகியவற்றில் கலந்து பசையாக்குகிறார்கள். சில வகைகளில் அழுக்கெடுக்க நுண்ணிய களிமண் பொடியும் சேர்ப்பார்கள்.

பசையைத் தடவியதும் திராவகம் ஆவியாகிவிடுகிறது. மெழுகும் பொடியும் தங்கிவிடுகின்றன. அதுதான் வெண்மையாகத் தெரிகிற படலம். அதில் காருக்கு வேண்டியது மிக மெல்லிய ஒரு பூச்சு மட்டுமே. மீதி எல்லாம் வீண். அதைத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

நிறையத் தடவினால் நிறையப் பளபளக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு! நிறையத் தடவினால் நிறையத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெயிலில் வேண்டாம்!

திட்டு வருவதற்குப் பெரிய காரணம் வெயில். வெயிலில் நின்ற காரின் பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் மெழுகைத் தடவினால் திராவகம் 'சர்'ரென்று ஆவியாகிவிடும். மெழுகு அடை போல ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே நிழலில் செய்ய வேண்டும். காலை வேளை நல்லது. தகரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

கார் முழுவதும் ஒரேயடியாகத் தடவிவிட்டுப் பிறகு துடைக்கலாம் என்று நினைப்பதும் தவறு. முதல் முறை செய்கிறவர்கள் ஒரு கதவு, அரை பானெட் என்று பகுதி பகுதியாகச் செய்வது நல்லது.

துடைக்கும் பதம் எப்போது? விரல் நுனியால் மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்த இடம் சுத்தமாகப் பளபளத்தால் துடைக்கலாம். பிசுபிசுவென்று ஈஷினால் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் நேரத்தையும் படித்துக்கொள்ள வேண்டும். சில சீலண்டுகளைத் தடவியவுடனேயே துடைக்கச் சொல்லியிருக்கும்.

எட்டுப் பக்கத் துணி

பழைய பனியன், லுங்கித் துண்டு, செய்தித்தாள் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. தையலும் பட்டனும் கீறிவிடும். மைக்ரோஃபைபர் துணிதான் ஏற்றது. அதன் இழைகள் மிக மிக மெல்லியவை. மிச்ச மெழுகைத் தள்ளாமல் தமக்குள் வாங்கிக்கொள்ளும்.

துணியை இரண்டாக மடித்து, மறுபடியும் இரண்டாக மடிக்க வேண்டும். இப்போது உள்ளும் வெளியுமாக எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் மெழுகு ஏறியதும் அடுத்த பக்கம். எட்டும் முடிந்தால் அடுத்த துணி.

ஒரே பக்கத்தால் கார் முழுவதும் துடைப்பவர் மெழுகை எடுப்பதில்லை. இங்கிருந்து அங்கே மாற்றி வைக்கிறார்!

துணி கீழே விழுந்தால் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. அதில் ஒட்டிய ஒரு மணல் போதும். நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும்.

காய்ந்து ஒட்டிவிட்டதா?

பயப்பட வேண்டாம். நகத்தால் சுரண்டவும் வேண்டாம். சுலபமான வழி ஒன்று உண்டு.

காய்ந்த இடத்தின் மேல் அதே மெழுகை மெல்லியதாக இன்னொரு முறை தடவ வேண்டும். உடனே சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். புதிய மெழுகில் இருக்கும் திராவகம் பழையதை இளக்கிவிடும். இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

லேசான மங்கல்தான் என்றால் துணியில் சிறிது தண்ணீர் தெளித்துத் துடைத்தாலே போதும். எங்கும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அழுத்தினால் மெழுகு போவதற்கு முன் பளபளப்பு போய்விடும்.

கறுப்புப் பிளாஸ்டிக்

பம்பர் ஓரம், கதவின் கீழ்ப் பட்டை, வைப்பருக்கு அடியில் உள்ள தட்டு இவை பல கார்களில் கறுப்புப் பிளாஸ்டிக். இவற்றின் மேல்புறம் சொரசொரப்பாக இருக்கும். அந்தக் குழிகளுக்குள் மெழுகு புகுந்துகொண்டால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சாயம் வெளுத்ததோ என்று நினைக்கத் தோன்றும்.

துணி அந்தக் குழிகளுக்குள் போகாது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்தான் போகும். மெல்லிய இழை உள்ள பிரஷ்ஷாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு கலந்து, பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து, உடனே துடைக்க வேண்டும். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.

எண்ணெய் தடவினால் வெள்ளை மறைந்ததுபோல் இருக்கும். அது மறைவுதான், போவது அல்ல. எண்ணெய் காய்ந்தால் வெள்ளை திரும்பி வரும். கூடவே தூசியும் ஒட்டும்.

முன்னதாகவே பிளாஸ்டிக் ஓரங்களில் பெயிண்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஒட்டிவிட்டால் இந்த வேலையே இல்லை. பத்து நிமிஷம் டேப் ஒட்டினால் ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டாம்.

முன் கண்ணாடிதான் முக்கியம்

பெயிண்டில் திட்டு இருந்தால் அழகுதான் குறையும். முன் கண்ணாடியில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இதற்குத் தனித் துணி வேண்டும். மெழுகு தொட்ட துணி கண்ணாடிப் பக்கமே போகக் கூடாது.

முதலில் கண்ணாடியை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திராவகம், சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்கள். இதில் சம பங்கு சுத்தமான தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். அது உலர்வதற்குள் மற்றொரு சுத்தமான துணியால் ஒத்தி எடுக்க வேண்டும்.

பாதிப் பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வைப்பரை மறந்துவிடுகிறார்கள்! வைப்பர் ரப்பரின் விளிம்பிலும் மெழுகு ஒட்டியிருக்கும். கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் முதல் மழையில் அது மறுபடியும் மெழுகைப் பூசிவிடும். ஆகவே ரப்பர் விளிம்பையும் நனைந்த துணியால் ஒரு தரம் வழித்துவிட வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? கண்ணாடியில் தண்ணீரைத் தெளித்து வைப்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும். இரவில் தெரு விளக்குக்கு எதிரே காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் நட்சத்திரம் போலச் சிதறாமல் இருந்தால் சரி.

அடியோடு எடுக்க வேண்டுமா?

சில சமயம் மிச்சத்தை மட்டும் அல்ல, பழைய பூச்சு முழுவதையுமே எடுக்க வேண்டி வரும். புதுச் சீலண்ட் போடும்போது, 'செராமிக் கோட்டிங்' போடும்போது, புதுப் பெயிண்ட் அடிக்கும்போது இந்த அவசியம் உண்டு. பழைய மெழுகின் மேல் போட்டால் புதியது பெயிண்டைப் பிடிக்காது, மெழுகைத்தான் பிடிக்கும். மெழுகு போகும்போது அதுவும் போய்விடும்.

பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மேலே உள்ள எண்ணெயும் தேய்ந்த மெழுகும் கொஞ்சம் போகும். நல்ல சீலண்ட் போகாது.

எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் எண்ணெய் போகுமா? சீயக்காய் வேண்டும். மெழுகுக்கும் அப்படித்தான். அதைக் கரைக்கக் கூடிய திராவகம் வேண்டும்.

செய்யும் முறை இது:

1. காரை ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். மண் இருக்கும்போது துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். சோப்பு மிச்சம் இல்லாமல் அலசி, உலர்த்த வேண்டும்.

2. லேசான எண்ணெய்ப் படலம்தான் என்றால், ஒரு பங்கு ஐ.பி.ஏ.யில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து துடைத்தால் போதும்.

3. கெட்டியான மெழுகு, சீலண்ட் என்றால், கார் பெயிண்ட் கடைகளில் 'வாக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

4. எந்தத் திராவகமானாலும் முதலில் கதவின் உள் விளிம்பு போன்ற மறைவான இடத்தில் சிறிது தொட்டுப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

5. அப்போதும் போகாத பூச்சை மிக நைசான பாலிஷ் கொண்டு தேய்த்துத்தான் எடுக்க முடியும். இறுகிவிட்ட செராமிக் பூச்சு இந்த வகை. இது பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை.

இரண்டு துணி ரகசியம்

இதில் ஒரு ரகசியம் உண்டு. கை தேர்ந்த பெயிண்டர்களுக்கு அது தெரியும்.

திராவகம் மெழுகைக் கரைக்கிறதே தவிர, அழிப்பதில்லை. ஈரம் உலர்ந்தால் கரைந்த மெழுகு அதே இடத்தில் மறுபடியும் படிந்துவிடும். துடைத்தவர் சுத்தம் என்று நினைப்பார். மெழுகு அங்கேயே இருக்கும்!

ஆகவே இரண்டு கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். ஒரு கையில் திராவகம் நனைத்த துணி. மறு கையில் உலர்ந்த துணி. ஒரு சாண் இரண்டு சாண் இடத்தை நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே உலர்ந்த துணியால் வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகுதான் அடுத்த இடம்.

'மீன் கண்' தகராறு

சிலிக்கோன் மிச்சத்தால் பெயிண்ட் பட்டறைகளில் நடக்கிற கூத்து ஒன்று உண்டு.

கதவில் ஒரு கீறல். புதுப் பெயிண்ட் அடிக்கிறார் பெயிண்டர். அடித்த சில நொடிகளில் அங்கங்கே சிறு சிறு வட்டக் குழிகள் விழுகின்றன. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் ஒரு விளிம்பு. பார்ப்பதற்கு மீனின் கண்ணைப் போல இருக்கும். பெயிண்டர்களும் இதை 'மீன் கண்' என்ற பொருளில் 'ஃபிஷ் ஐ' என்றே சொல்கிறார்கள்.

காரணம் என்ன? தகரத்தில் தங்கிய சிலிக்கோன். அதன் மேல் பெயிண்ட் பரவ மறுத்து விலகிப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் விலகி விலகி நிற்பதைப் போலத்தான்.

மெழுகை எடுக்காமல் முதலில் உப்புத்தாள் போட்டால் நிலைமை இன்னும் மோசம். தாள் கிழிக்கிற கோடுகளுக்குள் மெழுகும் சிலிக்கோனும் புகுந்துகொள்ளும். ஆகவே முதலில் திராவகத்தால் துடைக்க வேண்டும். பிறகு உப்புத்தாள். பிறகு மறுபடியும் துடைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

குழி விழுந்தால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டியதுதான். பெயிண்ட் வீண், கூலி வீண், நாள் வீண். "உனக்கு வேலை தெரியவில்லை" என்று கார்க்காரர் சத்தம் போடுவார். பெயிண்டர் கூலியை இழப்பார். ஆனால் சிலிக்கோனைப் பூசியது யார்? பல சமயம் கார்க்காரரேதான்!

ஆகவே பெயிண்ட் வேலைக்குக் காரை விடுகிறவர், அதில் முன்பு என்னென்ன பூசப்பட்டது என்பதைப் பெயிண்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் ஒரு சண்டை மிச்சம்.

டயர் பாலிஷ், டாஷ்போர்டு ஸ்பிரே ஆகியவை பலவற்றிலும் சிலிக்கோன் உண்டு. பெயிண்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவற்றை அடிக்கவே கூடாது. காற்றில் பறந்து வந்தாலே போதும், மீன் கண் விழும்.

தின்னர் வேண்டாம்

"தின்னர் போட்டால் எல்லாம் போய்விடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். உண்மைதான். பெயிண்டும் சேர்ந்து போய்விடும்!

அந்தக் காலத்தில் காருக்குப் பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்தார்கள். ஒரு கார் காய்ந்து முடிய வாரக் கணக்கில் ஆகும். 1923-ம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 'டூக்கோ' என்ற பெயிண்டைக் கொண்டுவந்தது. சீக்கிரத்தில் காயக் கூடிய பெயிண்ட் அது. முதலில் ஓக்லண்ட் என்ற காருக்கு அடித்தார்கள். இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்பிரே பெயிண்டுக்கே 'டூக்கோ' என்ற பேச்சு உண்டு.

இந்த வகைப் பெயிண்ட், தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. மறுபடியும் தின்னர் பட்டால் இளகிவிடும். இன்று தொழிற்சாலையில் சூளையில் சுட்டெடுக்கும் பெயிண்ட் அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஆனால் பழைய காரிலும், பட்டறையில் திரும்ப அடித்த இடத்திலும் எந்தப் பெயிண்ட் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே தின்னரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில் ஐ.பி.ஏ.கூட வேண்டாம். பூச்சு நன்றாக இறுக நாள் ஆகும். எத்தனை நாள் என்று அடித்த பெயிண்டரையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்ரோல்: ஜாக்கிரதை!

காருக்குள்ளேயே பெட்ரோல் இருக்கிறது. ஒரு துணியில் நனைத்துத் துடைத்தால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது!

பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போகும். சற்று தூரத்தில் ஒரு பீடி, ஓர் அடுப்பு, ஒரு சுவிட்சின் பொறி இருந்தால் போதும். தீ ஓடி வந்து துணி பிடித்திருக்கும் கையைப் பற்றிக்கொள்ளும். ரப்பரையும் பெட்ரோல் உப்பச் செய்துவிடும்.

மண்ணெண்ணெய் அவ்வளவு சுலபத்தில் தீப்பிடிக்காது. ஆனால் துடைத்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கைத் தானே விட்டுவிட்டுப் போகும். ஒரு மிச்சத்தை எடுக்கப் போய் இன்னொரு மிச்சம்!

ஐ.பி.ஏ.யும் ரிமூவரும்கூடத் தீப்பிடிப்பவைதான். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு, தீ இல்லாத தூரத்தில் செய்ய வேண்டும். நனைந்த துணிகளைச் சுருட்டிச் சமையலறை மூலையில் போடக் கூடாது. வெளியே விரித்துக் காயப் போட வேண்டும்.

குளிர்பானப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்!

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மிச்சமான திராவகத்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு என்ன தெரியும்? நிறமில்லாத திராவகம், தெரிந்த பாட்டில். எடுத்துக் குடித்துவிடும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், மெழுகு ரிமூவர் போன்றவற்றைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தி வரும்போது திராவகம் நுரையீரலுக்குள் போய்விடும். அதுதான் பெரிய ஆபத்து. குழந்தையையும் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவற்றை வாங்கிய டப்பாவிலேயே, மூடி இறுக்கி, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். குடும்பத்துக்கு ஒரு பழைய கார் வாங்கப் போகிறார்கள். கார் கண்ணைப் பறிக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை! நம்பலாமா?

நுண்ணிய கீறல்களை மெழுகும் எண்ணெய்ப் பாலிஷும் நிரப்பி மறைத்துவிடும். நாலு முறை கழுவினால் கீறல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். பட்டி போட்டுத் திரும்ப அடித்த இடத்தின் மங்கலும் அப்படியே மறையும்.

விற்கிறவரிடம் அனுமதி கேட்டு, தண்ணீர் கலந்த ஐ.பி.ஏ. நனைத்த துணியால் ஓர் உள்ளங்கை அகலம் துடைத்துப் பார்க்கலாம். பிறகு சாய்வாக விழும் வெயிலில் அந்த இடத்தையும் பக்கத்து இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நேர்மையாக விற்கிறவர் இதற்குத் தடை சொல்ல மாட்டார்.

தண்ணீர் சொல்லும் தீர்ப்பு

மெழுகு முழுவதும் போய்விட்டதா? பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. தாள் விரித்ததுபோல் பரவி வழிந்தால் போய்விட்டது. சில இடத்தில் முத்து, சில இடத்தில் தாள் என்றால், முத்து நிற்கும் இடத்தை மட்டும் மறுபடியும் துடைக்க வேண்டும்.

சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணீர் பரவும். ஆகவே நன்றாக அலசிய பிறகே இந்தச் சோதனை.

வேலை முடிந்ததும் துணிகளைத் தனியாக, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திராவகம் போடக் கூடாது. அது இழைகளில் படிந்து, அடுத்த தடவை கண்ணாடியில் கோடு போடும். கண்ணாடித் துணியை வேறு நிறத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் கை மாறிப் போகாது.

எல்லாம் சேர்ந்து ஒரு காலை நேரத்து வேலை. நாலைந்து துணி, ஒரு பழைய பிரஷ், சிறிது பொறுமை. இவ்வளவுதான் செலவு.

பானெட்டில் முகம் பார்க்க முடிகிறதா என்று பலர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் முன் கண்ணாடியில் முகம் தெரிந்து பயன் இல்லை. மழை இரவில், குடை பிடித்து ஓரமாக நடந்து போகிறவர் தெரிய வேண்டும்!